ஐரோப்பாவின் கோடை இசை விழாக்கள்: போய்க் கேட்க வேண்டியவை

ஐரோப்பாவின் ஓபரா அரங்குகளும் சிம்ஃபனி இசைக்குழுக்களும் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன், ஜூலை வரை இயங்கும். அதன் பிறகு கதவை மூடிவிட்டு விடுமுறையில் போய்விடும். கோடை இசை விழாக்கள் பிறந்ததே அந்த விடுமுறையில்தான். ஆண்டு முழுக்க வியன்னாவிலும் மிலானிலும் பெர்லினிலும் வேலையில் கட்டுண்டிருக்கும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அந்த இரண்டு மாதங்கள்தான் வெளியூர் அழைப்புகளை ஏற்க முடியும். குளிர் விலகி, பகலும் நீண்டுவிடுகிறது. இத்தாலியில் இரவு ஒன்பது மணிக்குத்தான் இருட்டத் தொடங்கும். பின்லாந்தில் நள்ளிரவை நெருங்கும்போதும் வானில் வெளிச்சம் மிச்சமிருக்கும். கோட்டை முற்றம், ஏரிக்கரை, மாட்டுப் பண்ணை, ரோமானியர் கட்டிய களம் என்று எல்லா இடங்களும் அப்போது அரங்காகிவிடுகின்றன.

இப்படி நடக்கும் விழாக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதற்காகப் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்யலாம் என்பதுதான் கேள்வி. புகழ்பெற்ற பாடகரின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியான வழி அல்ல. பெரிய ராக், பாப் குழுக்கள் ஒரே கோடையில் பல நாடுகளின் விழாக்களில் ஏறக்குறைய ஒரே பாடல்களைத்தான் பாடுகின்றன. 2024-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் பாடிய கோல்ட்பிளே குழு, 2025 ஜனவரியில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்துவிட்டது. கலைஞர் பயணம் செய்வார். இடம் பயணம் செய்யாது. வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் எந்த விழா அர்த்தம் இழந்துவிடுமோ, அந்த விழாவுக்குத்தான் நாம் போக வேண்டும். கீழே வருபவை பெரும்பாலும் அந்த அளவுகோலில் தேறியவை.

அந்த அளவுகோலுக்கு முதல் உதாரணம் ஜெர்மனியின் பைராய்ட். பவேரிய மாநிலத்தின் வடக்கில் உள்ள இந்தச் சிறு நகரத்தில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் தன் படைப்புகளுக்கென்றே ஓர் அரங்கம் கட்டினார். 1872-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பணத் தட்டுப்பாடு வந்தபோது பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் கை கொடுத்தார். 1876 ஆகஸ்டில் 'நீபெலுங்கின் மோதிரம்' என்ற நான்கு இரவு இசை நாடகம் முதன்முறையாக முழுமையாக அரங்கேறியது. ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம், பிரேசில் பேரரசர் இரண்டாம் பெத்ரோ, இசையமைப்பாளர்கள் சைகோவ்ஸ்கி, லிஸ்ட் எல்லாரும் வந்திருந்தார்கள். விழா பெரும் நஷ்டத்தில் முடிந்ததால் அடுத்த விழாவை 1882-ல்தான் நடத்த முடிந்தது. விழா மேடையில் வழக்கமாக ஏறுவது வாக்னரின் பத்து ஓபராக்கள் மட்டுமே. மற்ற இசையமைப்பாளர்களின் ஓபராக்களுக்கு அங்கே இடமில்லை.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் அந்தக் கட்டடத்தின் ஒலி. வழக்கமான ஓபரா அரங்கில் மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இசைக்குழு உட்கார்ந்திருக்கும். பார்வையாளருக்கு அது தெரியும். பைராய்டில் அந்தப் பள்ளம் மேடைக்கு அடியில் படிப்படியாக இறங்குகிறது; அதன் மேல் வளைந்த கூரை ஒன்று மூடியிருக்கிறது. இசைக்குழுவும் தெரியாது, நடத்துநரும் தெரியார். வாத்திய ஒலி நேராகச் சபைக்கு வராமல் முதலில் மேடைக்குப் போய், பாடகரின் குரலோடு கலந்து, பிறகுதான் கேட்பவரை வந்தடைகிறது. எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாத ஒலி அது. நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியங்கள் ஒலித்தாலும் பாடகரின் குரல் அமுங்குவதில்லை. கட்டடத்தின் உட்புறம் பெரும்பாலும் மரத்தால் ஆனது என்பதும் ஒலிக்கு உதவுகிறது. இசைக்குழுவினர் பல ஜெர்மன் ஊர்களின் குழுக்களிலிருந்து தங்கள் விடுமுறையில் வந்து சேர்ந்தவர்கள். பள்ளத்துக்குள் வெக்கை தாங்காது. யார் கண்ணிலும் படுவதில்லை என்பதால் அரைக்கால் சட்டையும் பனியனுமாக வாசிப்பார்கள்.

கேட்பவர்களுக்கும் சொகுசு கிடையாது. மர இருக்கைகள், நடுவில் நடைபாதை இல்லாத நீண்ட வரிசைகள், அரங்கில் குளிரூட்டியும் இல்லை. நிகழ்ச்சி பெரும்பாலும் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணி அளவில் முடியும். இடையில் இரண்டு இடைவேளை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இடைவேளை முடியப்போவதை மணியடித்துச் சொல்வதில்லை. முகப்பு மாடத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் வந்து நின்று, அடுத்து வரப்போகும் அங்கத்திலிருந்து ஓர் இசைத் துணுக்கை ஊதுவார்கள். கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு முறை, பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு முறை, ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று முறை. அதன் பிறகு கதவு மூடிவிடும். தாமதமாக வந்தவர் அடுத்த இடைவேளைவரை வெளியில்தான் நிற்க வேண்டும்.

பைராய்டுக்குப் போகிறவர் அதன் இருண்ட பக்கத்தையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். வாக்னர் யூதர்களை வெறுத்து எழுதியவர். அவருடைய மருமகள் வினிஃப்ரெட் ஹிட்லரின் நெருங்கிய தோழி. நாஜி ஆட்சியில் இந்த விழா ஹிட்லரின் செல்ல விழாவாக இருந்தது. அரங்கத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் அந்தக் காலத்தில் விரட்டப்பட்ட, கொல்லப்பட்ட யூதக் கலைஞர்களின் முகங்களும் வரலாறும் பலகைகளாக நிற்கின்றன. இடைவேளையில் ஒரு அரை மணி நேரத்தை அந்தப் பலகைகளுக்குக் கொடுப்பது கேட்கும் இசைக்குச் செய்யும் நியாயம்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழா இதற்கு நேர் எதிரான எண்ணத்தில் தொடங்கியது. முதல் உலகப் போரில் பேரரசு சிதறி, சின்னஞ்சிறு நாடாகச் சுருங்கிய ஆஸ்திரியாவுக்குக் கலையின் வழியாக ஒரு முகம் தேட வேண்டியிருந்தது. நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், கவிஞர் ஹ்யூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்தால், இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஆகியோர் முன்னின்று, 1920 ஆகஸ்ட் 22 அன்று தேவாலயச் சதுக்கத்தில் 'யேடர்மான்' நாடகத்தை அரங்கேற்றினார்கள். சாவு வந்து அழைக்கும்போது பணக்காரன் ஒருவனுக்கு யாருமே துணைக்கு வராத கதை. இன்றும் ஒவ்வொரு கோடையிலும் அதே சதுக்கத்தில் அது நடக்கிறது. சாவு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் காட்சியில், சுற்றியுள்ள கோபுரங்களிலிருந்தும் அவன் பெயர் எதிரொலிக்கும். மழை வந்தால் மட்டும் நாடகத்தை உள்ளரங்குக்கு மாற்றுவார்கள்.

சால்ஸ்பர்க் மொட்சார்ட் பிறந்த ஊர். ஜூலைப் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நடக்கும் விழாவில் அவருடைய ஓபராக்களுக்குத்தான் எப்போதும் முதல் மரியாதை. பெரும்பாலும் வாசிப்பது வியன்னா ஃபில்ஹார்மனிக் இசைக்குழு. அரங்குகளில் தவறவிடக் கூடாதது 'ஃபெல்சன்ரைட்ஷூலே'. முன்பு கல் வெட்டிய குன்றின் முகத்தில் பதினேழாம் நூற்றாண்டில் மூன்றடுக்கு மாடங்கள் குடைந்திருக்கிறார்கள். அப்போது அது பேராயரின் குதிரைப் பயிற்சிக் களம். இப்போது அந்த மாடங்களே மேடையின் பின்சுவர். டிக்கெட் விலையைப் பொறுத்தவரை ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த விழாக்களில் இது ஒன்று. நல்ல இருக்கை சில நூறு யூரோ ஆகிவிடும். ஆனால் கோட்டைக்குக் கீழே உள்ள கபிட்டல் சதுக்கத்தில் பெரிய திரை வைத்து, விழாவின் ஓபராப் பதிவுகளை இரவு தோறும் இலவசமாகக் காட்டுகிறார்கள். ஊர்க்காரர்களே நாற்காலி பிடிக்கச் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

ஐரோப்பாவின் வேறு சில விழாக்களுக்கு, சால்ஸ்பர்க்கும் அனுபவித்த நாஜித் துயரத்தோடு தொடர்பு உண்டு. 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது 'யேடர்மான்' நிறுத்தப்பட்டது. யூதரான ரைன்ஹார்ட் நாடு கடந்து வாழ்ந்து 1943-ல் நியூயார்க்கில் காலமானார். இத்தாலிய இசை நடத்துநர் டொஸ்கனீனி இனி சால்ஸ்பர்க்கில் காலடி வைக்க மாட்டேன் என்று மறுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கரையில் அவர் நடத்திய கச்சேரியிலிருந்து லூசெர்ன் விழா வளர்ந்தது. அதற்கு முன்பே நாஜிகளால் வேலை இழந்த நடத்துநர் ஃப்ரிட்ஸ் புஷ், இயக்குநர் கார்ல் எபர்ட், நிர்வாகி ருடால்ஃப் பிங் ஆகிய மூவருக்கும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் புகலிடம் கிடைத்தது. அங்கே ஜான் கிறிஸ்டி என்ற நிலக்கிழார், பாடகியான தன் மனைவிக்காகத் தன் மாளிகையை ஒட்டி 1934-ல் தொடங்கிய கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவை இவர்கள்தான் உலகத் தரத்துக்கு உயர்த்தினார்கள். அந்த விழாவில் இன்றும் ஒன்றரை மணி நேர இடைவேளை உண்டு. மாலை உடை அணிந்த பார்வையாளர்கள் புல்வெளியில் துணி விரித்து, கூடையில் கொண்டு வந்ததைச் சாப்பிடுவார்கள். வேலிக்கு அப்பால் ஆடுகள் மேயும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதே ருடால்ஃப் பிங், குண்டு வீச்சில் பெரிதாகச் சிதையாத ஒரு நகரத்தைத் தேடி, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1947-ல் சர்வதேச விழாவைத் தொடங்கினார். நாஜிகளிடமிருந்து தப்பியோடிய நடத்துநர் புரூனோ வால்டர், தான் பிரிந்து வந்த வியன்னா இசைக்குழுவோடு அங்கேதான் மறுபடியும் சேர்ந்தார். அழைப்பில்லாமலே எட்டு நாடகக் குழுக்கள் அந்த ஆண்டு வந்து இறங்கின. அதுதான் இன்று உலகின் மிகப் பெரிய கலை விழாவாகிவிட்ட 'ஃபிரிஞ்ச்'. தமிழருக்கு எடின்பரோ இன்னொரு விதத்திலும் முக்கியம். இந்தியக் கலைகளுக்குச் சிறப்பிடம் கொடுத்த 1963 விழாவில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார், பாலசரஸ்வதி ஆடினார். மேற்கில் கர்னாடக சங்கீதத்துக்கும் பரதத்துக்கும் பெரிய மேடை திறந்த தருணங்களில் அது ஒன்று. ஆகஸ்டில் மூன்று வாரம் நடக்கும் இந்த விழாவின்போது ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

இத்தாலியின் வெரோனாவுக்கு வந்தால் உடையும் ஒழுங்கும் சற்றுத் தளர்ந்துவிடுகின்றன. ஊர் நடுவில் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய நீள்வட்டக் களம் நிற்கிறது. 1117-ல் வந்த பூகம்பத்தில் அதன் வெளிச்சுவர் பெரும்பாலும் இடிந்து, நான்கு வளைவுகள் மட்டும் மிஞ்சின. உள்ளே இளஞ்சிவப்புக் கல்லால் ஆன படிவரிசைகள் அப்படியே இருக்கின்றன. இசையமைப்பாளர் வெர்டி பிறந்து நூறு ஆண்டு ஆனதைக் கொண்டாட, வெரோனாவைச் சேர்ந்த பாடகர் ஜொவான்னி செனட்டெல்லோ 1913 ஆகஸ்ட் 10 அன்று இங்கே 'ஐடா' ஓபராவை நடத்தினார். எகிப்தில் நடக்கும் கதைக்கு இதைவிடப் பெரிய மேடை எங்கே கிடைக்கும்? 1947-ல் பாடகி மரியா காலாஸ் இத்தாலியில் முதன்முறையாகப் பாடியதும் இதே களத்தில்தான்.

மலிவான டிக்கெட் என்றால் கற்படிதான் இருக்கை. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கல் இரவு ஒன்பது மணிக்கும் சுடும். வாசலில் வாடகைத் திண்டு கிடைக்கும்; வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கடைசி வெளிச்சம் மறையும் நேரத்தில் படிகளில் இருப்பவர்கள் சிறு மெழுகுவத்திகளை ஏற்றுவார்கள். மின்சார விளக்கு வராத காலத்தில் கதைப் புத்தகத்தைப் படிப்பதற்காகக் கொண்டு வந்த வழக்கம் அது. ஆயிரக்கணக்கான சுடர்கள் வட்டம் வட்டமாக ஏறி நிற்கும்போது, வேடமணிந்த ஒருவர் மேடைக்கு வந்து பெரிய வெண்கல வட்டத்தை அடித்து நாடகம் தொடங்குவதை அறிவிப்பார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும் அந்தத் திறந்த வெளியில் பாடகர்கள் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுவதுதான் மரபு. மேல் படியில் குரல் சன்னமாகத்தான் வந்து சேரும். ஆனாலும் வந்து சேரும். கேட்பவர்கள் மூச்சடக்கிக் கேட்பதற்கு அதுவே காரணம். ஒரே கவலை மழை. நிகழ்ச்சி தொடங்கிய பிறகு மழையால் நின்றால் பணம் திரும்பக் கிடைக்காது.

ஆஸ்திரியாவின் மேற்கு முனையில் உள்ள பிரெகன்ஸ் விழாவில் மேடை தண்ணீரில் நிற்கிறது. போர் முடிந்த மறு ஆண்டான 1946-ல் அந்த ஊரில் நாடக அரங்கு கிடையாது. கான்ஸ்டன்ஸ் ஏரியில் இரண்டு சரக்குப் படகுகளை நங்கூரமிட்டு, ஒன்றை மேடையாகவும் மற்றதை இசைக்குழுவின் இடமாகவும் ஆக்கி, மொட்சார்ட் சிறுவயதில் எழுதிய ஓபரா ஒன்றை நடத்தினார்கள். இன்று கரையில் சுமார் 7,000 இருக்கைகள். ஏரிக்குள் எழுப்பும் பிரம்மாண்டமான மேடையமைப்பு இரண்டு கோடைகளுக்கு அப்படியே நிற்கும். ஒரே ஓபராதான் இரண்டு ஆண்டும் ஓடும். 'டொஸ்கா'வுக்காகக் கட்டிய ராட்சதக் கண், 2008-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' மூலம் உலகம் முழுதும் தெரிந்தது. இசைக்குழு பக்கத்துக் கட்டடத்துக்குள் வாசிக்கும். பாடகர் மேடையில் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே குரல் வருவது போல ஒலிபெருக்கிகளை அமைத்திருக்கிறார்கள். லேசான மழைக்கெல்லாம் நாடகம் நிற்காது. குடை பிடிக்கக் கூடாது என்பதால் மழைக்கோட்டு அவசியம்.

பின்லாந்தின் சவோன்லின்னா விழாவும் இதே வகை. ஏரி நடுவே 1475-ல் கட்டத் தொடங்கிய ஒலாவின்லின்னா கோட்டையின் முற்றத்தில் ஜூலை மாதம் ஓபரா நடக்கும். பாடகி ஐனோ அக்டே 1912-ல் தொடங்கியது. போரும் வறுமையும் குறுக்கிட்டு நின்றுபோய், 1967 முதல் மறுபடியும் நடக்கிறது. நாடகம் முடிந்து பாலம் வழியாக வெளியே வரும்போதும் வானம் முழுதாக இருட்டியிருக்காது.

பணம் அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஏற்ற செவ்வியல் விழா லண்டனின் 'பிராம்ஸ்'. நல்ல இசையைக் குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அரங்க மேலாளர் ராபர்ட் நியூமன் விரும்பினார். நடத்துநராக ஹென்றி வுட் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு 1895 ஆகஸ்ட் 10 அன்று குவீன்ஸ் ஹாலில் தொடங்கினார். 1927-ல் பிபிசி பொறுப்பேற்றது. 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டு வீச்சில் குவீன்ஸ் ஹால் எரிந்துபோனது. அதே கோடையில் விழா ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறியது. ஓர் ஆண்டு கூட விட்டுப்போகவில்லை. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை எட்டு வாரம், ஏறக்குறைய தினமும் கச்சேரி. இருக்கையெல்லாம் நீக்கிய தரைப்பகுதியில், நடத்துநரின் முதுகுக்குச் சில அடி பின்னால், ஆயிரம் பேர் நின்றுகொண்டே கேட்கிறார்கள். அந்த நிற்கும் டிக்கெட்டின் விலை சமீப ஆண்டுகளில் 8 பவுண்டு, அன்றன்றைக்கே விற்பார்கள். உலகின் முதல்தர இசைக்குழுக்களை இவ்வளவு அருகில், இவ்வளவு மலிவாகக் கேட்க வேறு வழியில்லை.

நிற்பவர்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. மேடையில் பியானோவின் மூடியைத் தூக்கும்போது தரையில் நிற்பவர்கள் ஒரே குரலில் "ஹீவ்" என்பார்கள். மேல் மாடத்தில் நிற்பவர்கள் "ஹோ" என்று பதில் கொடுப்பார்கள். இசை தொடங்கிவிட்டால் அதே கூட்டத்தில் ஒரு இருமல் கேட்காது. குவீன்ஸ் ஹால் இடிபாட்டிலிருந்து மீட்ட ஹென்றி வுட்டின் மார்பளவுச் சிலையை விழா முழுதும் மேடைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். கடைசி இரவில் அதற்கு மாலை விழும். கொடியும் ஆரவாரமுமாக நடக்கும் அந்தக் கடைசி இரவுதான் தொலைக்காட்சியில் புகழ்பெற்றது. ஆனால் இசைக்காகப் போகிறவருக்கு நடுவாரத்துச் சாதாரண இரவு ஒன்றே மேல்.

ராக், பாப் விழாக்களில் கிளாஸ்டன்பரியைத் தாண்டிப் பேச முடியாது. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர் 1970 செப்டம்பரில் தன் நிலத்தில் முதல் விழாவை நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். பிரமிடு வடிவ மேடை மறு ஆண்டு வந்தது. இப்போது ஜூன் கடைசி வாரத்தில் ஏறக்குறைய 2,10,000 பேர் ஐந்து நாள் அங்கே கூடாரம் போட்டு வாழ்கிறார்கள். 2025-ல் டிக்கெட் சுமார் 375 பவுண்டு. முன்கூட்டியே புகைப்படத்தோடு பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே விற்பனை. ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை விழாவை நிறுத்தி, மண்ணுக்கும் மாடுகளுக்கும் ஓய்வு கொடுக்கிறார்கள். 2018 அப்படி ஓர் ஆண்டு, 2026-ம் அப்படியே.

டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவுக்கு இன்னும் அதிகக் கவனம் கிடைக்க வேண்டும். 1971-ல் தொடங்கிய இதன் லாபம் முழுவதும் அறப்பணிக்கும் கலைக்கும் போகிறது. வேலை செய்வோரில் பெரும்பகுதி தன்னார்வலர்கள். 2000 ஜூன் 30 அன்று பெர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருந்தபோது மேடை முன் நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மேடைக்கு முன்னால் உள்ள பகுதியைத் தடுப்புகளால் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண்ணித்தான் ஆட்களை விடுகிறார்கள். கூட்டப் பாதுகாப்பை ஐரோப்பா முழுவதும் புதிதாக யோசிக்க வைத்தது அந்த இரவு. எந்தப் பெரிய விழாவுக்குப் போனாலும் மேடை நெருக்கத்தைவிட வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கு வடக்கு ஜெர்மனியின் வாக்கன். இரண்டாயிரம் பேர் மட்டுமே வாழும் கிராமம். 1990-ல் சில நூறு பேரோடு தொடங்கி இப்போது ஆகஸ்ட் தொடக்கத்தை ஒட்டி 85,000 பேர் வருகிறார்கள். கறுப்புச் சட்டைக் கூட்டத்தின் நடுவே ஊர்த் தீயணைப்பு வீரர்களின் பித்தளை வாத்தியக் குழுவும் மேடையேறும். 2023-ல் மழையில் வயல் சேறாகிவிட, டிக்கெட் வாங்கிய பல்லாயிரம் பேரை உள்ளே விட முடியாமல் போனது. மின்னணு நடன இசை பிடித்தவர்கள் பெல்ஜியத்தின் டுமாரோலேண்டுக்குப் போகிறார்கள். மேடை அலங்காரம் கண்ணைப் பறிக்கும். ஆனால் இப்போது அது பிரேசிலிலும் நடப்பதால், அதற்காகவே ஐரோப்பா வரை போக வேண்டுமா என்று யோசிக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில், ஜெனீவா ஏரிக்கரையில், 1967-ல் கிளோட் நோப்ஸ் தொடங்கிய ஜாஸ் விழா ஜூலையில் இரண்டு வாரம் நடக்கிறது. தொடக்கத்திலிருந்தே கச்சேரிகளைத் தரமாகப் பதிவு செய்து வைத்ததால், அந்தத் தொகுப்பு 2013-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. அந்தப் பதிவுகளில் 1976-ல் ஜான் மெக்லாலினின் 'சக்தி' குழு வாசித்த கச்சேரியும் உண்டு. விக்கு விநாயக்ராமின் கடமும் எல். சங்கரின் வயலினும் ஜாகிர் உசேனின் தபலாவும் மெக்லாலினின் கிதாரோடு சேர்ந்த இரவு அது. ஏரிக்கரைப் பூங்காவில் பல நிகழ்ச்சிகள் இலவசம்.

மேலே சொன்ன எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்பது எஸ்டோனியாவின் பாட்டு விழா. அங்கே நட்சத்திரம் என்று யாரும் கிடையாது. நாடே பாடுகிறது. 1869-ல் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோது டார்ட்டு நகரில் ஆண்களின் சேர்ந்திசைக் குழுக்கள் கூடிப் பாடியதில் தொடங்கி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜூலையில் நடக்கிறது. தலைநகர் தாலினில் 1960-ல் கட்டிய சிப்பி வடிவ வளைவின் கீழ் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பாடுவார்கள். விழா நாளன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை தங்கள் ஊரின் கோடு போட்ட பாவாடையும் பூவேலைத் தொப்பியும் அணிந்து நகர மையத்திலிருந்து பாட்டுத் திடல் வரை சில மணி நேரம் ஊர்வலமாக நடந்து வருகிறார்கள். வழியில் நிற்பவர்கள் அந்தந்த ஊர்ப் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள்.

சோவியத் ஆட்சியில் அந்த மேடையில் லெனினைப் புகழும் பாடல்களும் பாட வேண்டியிருந்தது. ஆனால் கவிஞர் லிடியா கொய்டுலாவின் வரிகளுக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்த தாய்நாட்டுப் பாடல் ஒன்றை மக்கள் விடவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாவிட்டாலும் கூட்டம் தானே எழுந்து நின்று பாடும். 1988 செப்டம்பரில் அதே திடலில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கூடினார்கள். அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகையே பதினைந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டித்தான் இருந்தது. 1991 ஆகஸ்டில் எஸ்டோனியா விடுதலை அடைந்தது. அந்தப் போராட்டத்துக்கு 'பாடும் புரட்சி' என்றே பெயர். லாட்வியாவும் லித்துவேனியாவும் இதே போன்ற விழாக்களை நடத்துகின்றன; மூன்று நாடுகளின் மரபையும் சேர்த்து யுனெஸ்கோ அங்கீகரித்திருக்கிறது. மொழி ஒரு சொல் கூடப் புரியாத வெளிநாட்டவரும் அந்தக் கூட்டத்தில் கண் கலங்காமல் திரும்புவது அரிது. அடுத்த விழா எந்த நாட்டில் எந்த ஆண்டு என்று பார்த்துத் திட்டமிட வேண்டும்.

டிக்கெட்டே இல்லாத விழாக்களும் உண்டு. 1982-ல் கலாசார அமைச்சர் ஜாக் லாங் காலத்தில் பிரான்ஸ் தொடங்கிய இசை நாள், ஒவ்வொரு ஜூன் 21 அன்றும் தெருமுனை, கடைவாசல், தேவாலயப் படி எல்லாவற்றையும் மேடையாக்கிவிடுகிறது. வியன்னாவின் டான்யூப் தீவில் கோடையில் மூன்று நாள் நடக்கும் இலவச விழாவில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஐரோப்பாவுக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் இந்தத் தேதிகளை ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.

பயணத் திட்டத்துக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் நல்ல மையம். அங்கிருந்து ரயிலில் சால்ஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள். பிரெகன்ஸும் பைராய்டும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வெரோனா ஐந்தரை மணி நேரம். ஆகஸ்ட் முதல் பாதியில் இந்த நான்கையும் பத்து நாளில் கேட்டுவிட முடியும். இந்த ஊர்களுக்கும் சுவிட்சர்லாந்து, டென்மார்க், பின்லாந்து, எஸ்டோனியாவுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். பிரிட்டனுக்குத் தனி விசா. ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். பைராய்ட், சால்ஸ்பர்க் டிக்கெட்டுகள் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விற்பனைக்கு வரத் தொடங்கும் என்பதால் டிக்கெட் முதலில், விசா பிறகு என்ற வரிசையில்தான் வேலை நடக்கும். விழா நடத்துவோரின் சொந்த விற்பனைத் தளத்தைத் தவிர வேறு எங்கும் வாங்கக் கூடாது. பல விழாக்களில் டிக்கெட்டில் பெயர் இருக்கும். இடைத்தரகரிடம் இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கியது வாசலில் செல்லாமல் போகலாம்.

முதல் முறை போகிறவர், அதுவும் ஓபராவே கேட்டிராதவர், ஒரே ஒரு விழாவைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் அது வெரோனாவாக இருக்கட்டும். கற்படி டிக்கெட் 30 யூரோவை ஒட்டித் தொடங்குகிறது, ரயில் வசதி இருக்கிறது, உடைக் கட்டுப்பாடு இல்லை. 'ஐடா' நடக்கும் இரவாகப் பார்த்து, கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்துக்கொண்டு, மழைக்கு ஈடாக ஊரில் இன்னொரு இரவையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு போங்கள்.